இருக்கத் தெரியாத அக்கா

நான் அவரை முதன்முதலில் கண்டது வேறொருவருடைய சமையலறையில். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் ஒரு மண்டபத்தில், புதிதாக வந்து சேர்ந்த அகதிக் குடும்பங்களுக்கு ஊர்க்காரர்கள் மதிய விருந்து வைத்திருந்தார்கள். எண்பத்தைந்தாம் ஆண்டு, நத்தார்ப் பண்டிகை நெருங்கிய நேரம். மேசைகளில் மெழுகுதிரி எரிந்தது. நாங்கள் கதிரைகளில் விறைப்பாக உட்கார்ந்து, எந்த முள்ளுக்கரண்டியை எப்போது எடுப்பது என்று பக்கத்து மேசையைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு கதிரை மட்டும் காலியாக இருந்தது. யாருடையது என்று கேட்டதற்கு, பக்கத்தில் இருந்த மனிதர் தட்டிலிருந்து தலையெடுக்காமல், "என்ர மனிசியின்ர. உள்ளுக்கு நிப்பா" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். யாரோ கொடுத்த நீளமான குளிரங்கியைக் கழற்றாமலே, கையை மட்டும் முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டு, ஒரு பெண் பெரிய பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு டேனிஷ் பெண்கள் கையில் துணியோடு பக்கத்தில் நின்று, இவரை வேலைக்கு அமர்த்தியது யார் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நாங்கள் விருந்தாளியள்" என்றேன்.

"ஓம், தெரியும். அதுக்கு?" என்றார்.

அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஊரில் இருந்த தமிழர் எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அக்கா உயரம் குறைந்தவர். உள்ளங்கை அகலம். கொண்டையை இறுக்கி முடிந்திருப்பார்; அது குலைந்து நான் கண்டது ஒரே ஒருமுறைதான். யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம். கழுத்தில் ஒரு சிறிய சிலுவை, அதைத் தவிர வேறு நகை இல்லை. ஒருவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய கண் முதலில் போவது சுவருக்கோ படத்துக்கோ அல்ல, தண்ணீர்த் தொட்டிக்குத்தான். அங்கே கழுவாத கோப்பை ஒன்று கிடந்தால் பேச்சு அவர் காதில் ஏறாது.

அவர்களுடைய மாடிக்குடியிருப்பின் கீழ்வீட்டில் ஒரு டேனிஷ் விதவை இருந்தார். தன் பிறந்தநாளுக்கு அக்காவையும் என்னையும் கோப்பிக்கு அழைத்தார். மேசை நடுவில் சிறிய டேனிஷ் கொடி, அடுக்குக் கேக், பூப்போட்ட பீங்கான். அந்த நாட்டு வழக்கப்படி விருந்தாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இருந்து, சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்வது. நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து போனது தெரியாது. தேடிப் போனபோது ஒரு முக்காலியில் ஏறி நின்று, சமையலறை அலுமாரியின் மேற்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

விதவையின் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த நாள் படிக்கட்டில் என்னை மறித்து, என் வீடு அழுக்கு என்று அவள் நினைக்கிறாளா என்று கேட்டார். நான் எவ்வளவு விளக்கியும் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு அக்காவைக் கண்டால் வணக்கம் சொல்லாமல் கதவைச் சாத்தினார். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உண்மையிலேயே திடுக்கிட்டுப் போனார்.

"ஊத்தை எண்டு ஆர் சொன்னது? அந்த மனிசி தனிய நிண்டு எல்லாம் செய்யுதே எண்டுதானே ஏறினனான்."

தன் மகளின் பிறந்தநாளுக்கு அக்கா விதவையைத் தானே போய்க் கூப்பிட்டார். விதவை வந்தார், கதிரையின் நுனியில் இருந்தார். ரோல்ஸும் கட்லட்டும் போய்த் தட்டுகள் திரும்பி வந்து, தொட்டியில் மலையாகக் குவிந்தன. ஒருகட்டத்தில் விதவை எழுந்து, தன் கைச்சங்கிலியைக் கழற்றி ஜன்னல் கட்டில் வைத்துவிட்டு, தண்ணீரைத் திறந்தார். இனிப் பெரிய சண்டை என்று நான் நினைத்தேன். அக்கா பக்கத்தில் போய் நின்று, அவர் கழுவக் கழுவத் துடைத்தார். இருவருக்கும் பொதுவாக இருபது சொற்கள்கூட இல்லை. ஆனாலும் அந்தச் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டபடியே இருந்தது.

வயோதிபர் இல்லத்தில் அக்காவுக்குத் துப்புரவு வேலை. விடுமுறை நாளிலும் போய்விடுவார். யாராவது கேட்டால், வீட்டில் இருந்து என்ன செய்கிறது, போனால் கிழவிகளின் ஜன்னலையாவது துடைக்கலாம் என்பார். டென்மார்க்கில் இதைவிடப் பெரிய குற்றம் குறைவு. சம்பளமில்லாமல் ஒருத்தி வேலை செய்தால் நாளைக்கு மற்றவர்களின் சம்பளம் என்ன ஆவது? தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர், சிவந்த தாடிக்காரர், கண்டிப்பாகப் பேசுவதற்கென்றே அக்காவின் வீட்டுக்கு வந்தார். மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். அவர் தொண்டையைச் செருமி முதல் வாக்கியத்தைத் தொடங்கியபோது அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த ஆள் மத்தியானம் சாப்பிடேல்லை."

உண்மையில் அவர் சாப்பிட்டிருக்கவில்லை. புட்டும் மீன்குழம்பும் வந்தன. கண்டிப்பு முழுவதையும் அவர் வாயில் புட்டோடுதான் சொல்லி முடித்தார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த விடுமுறை நாளில் இல்லத்துக்குப் போனார். ஆனால் இம்முறை ஜன்னல் துடைக்கவில்லை. முதியவர்களைப் பார்க்க வந்த விருந்தாளி என்று வாசலில் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு கிழவிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார். சங்கத்தின் சட்டத்தில் பின்னலைப் பற்றி ஒன்றும் இல்லையாம்.

எதற்கும் காரணம் கேட்டுப் பழகியவன் நான். சும்மா இருந்தால் ஊர் நினைவு வரும், அதற்குப் பயந்துதான் இவர் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குள் ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன். ஒருநாள் அதை அவரிடமே சொன்னேன். கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தாமலே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அப்பிடியெல்லாம் ஒண்டுமில்லைத் தம்பி. எனக்கு இருக்கத் தெரியாது. அவ்வளவுதான்."

என் விளக்கத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஆனால் அவருக்கு ஒரு கவலை இருந்தது, அது எனக்குத் தெரியும். அவருடைய கடைசித் தம்பி. வீட்டில் சின்னவன் என்பார்கள். தாய் இறந்தபோது கைக்குழந்தை, அக்காதான் வளர்த்தார். மீசை அரும்பிய வயதில், கொழும்புக்குப் போய்விட்டு வாறன் என்று ஒரு துணிப்பையோடு புறப்பட்டவன், கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனியில் போய் நின்றான். அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவில்லை. அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. முடிவு வரும்வரை வேலை செய்யக் கூடாது, தான் பதிந்திருக்கும் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். தாண்டிப் பிடிபட்டால் வழக்கு. ஆகவே அவன் வர முடியாது. அக்காதான் போக வேண்டும். பாஷை தெரியாமல் நாலு இடத்தில் ரயில் மாறித் தனியே போக கணவர் விடவில்லை. அவருக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவன் தொலைபேசியில் தான் இருக்கும் இடத்தைச் சொன்னான். ஒரு சிறிய ஆற்றங்கரைக் கிராமத்துக்குப் பக்கத்தில் அகதி முகாம். ஆற்றின் பெயர் ஆர்.

"எந்த ஆறு?" என்று கணவர் கேட்டார்.

"ஆர்."

"அதைத்தானே நானும் கேக்கிறன்."

வயோதிபர் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டியின் மகன், சொந்தமாக ஒரு சுற்றுலா பஸ் வைத்து ஓட்டினார். குழாய் புகைக்கும் நெட்டையான மனிதர். கோடையில் ஒருமுறை முதியவர்களைக் கடற்கரைக்கு ஏற்றிப் போனபோது, அவர் கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் அக்கா பஸ்ஸின் ஜன்னல்கள் அத்தனையையும் துடைத்து முடித்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு அக்காவில் மரியாதை. ஒவ்வொரு ஆண்டும் ஒக்டோபரில் அவர் சுற்றுவட்டாரத்து ஓய்வுபெற்ற விவசாயிகளை ரைன் நதி பார்க்கக் கூட்டிப்போவார்.

அக்கா என்னை அழைத்துக்கொண்டு அவரிடம் போனார். உங்கள் பஸ் ஆர் ஆற்றுக்குப் போகுமா என்று கேட்கச் சொன்னார். சாரதி சிரித்தார். அங்கே என்ன இருக்கிறது, நாலு கிராமமும், டென்மார்க்கில் எவரும் கேட்டு வாங்காத ஒரு சிவப்பு வைனும்தான். என் ஆட்கள் ரைனில் கப்பலும் கோட்டையும் பார்க்க வருகிறவர்கள் என்றார். அக்கா கெஞ்சவில்லை. தம்பியைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். பிறகு, தும்புத்தடி எங்கே என்று கேட்டு, பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்கினார். சாரதி குழாயை வாயிலிருந்து எடுத்தார். ரைனிலிருந்து அது ஒரு மணித்தியாலம்கூட இல்லை, திரும்பி வரும் நாளில் மத்தியானத்திலிருந்து கொஞ்ச நேரம் அங்கே நிற்கலாம் என்றார்.

இப்படித்தான் எண்பத்தெட்டு ஒக்டோபரில், எங்கள் மேற்கு ஜூட்லாந்துப் பகுதி விவசாயிகள் ஒரு பஸ் நிறைய, தாங்கள் கேட்டிராத ஒரு பள்ளத்தாக்கில் போய் இறங்கினார்கள். அக்காவுக்குத் துணையாக நான். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக எழுந்தது. கறுத்த பலகைக்கல் மதில்கள் படிபடியாக ஏறின. ஒவ்வொரு படியிலும் தடிகளில் கட்டிய திராட்சைக் கொடிகள், இலை பாதி மஞ்சள், பாதி சிவப்பு. கீழே ஆறு, அடியில் கிடக்கும் கல் தெரிய ஓடியது. வாத்துகள் நீந்தவில்லை, நடந்தன.

பாலத்தில் நின்று எட்டிப் பார்த்த விவசாயி ஒருவர், என் வயலின் வாய்க்கால் இதைவிட அகலம் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். என்ன சொல்கிறார் என்று அக்கா கேட்டார். சொன்னேன்.

"எங்கட ஊரில ஆறே இல்லையெண்டு சொல்லுங்கோ. எனக்கு இது காணும்."

மத்தியானம் அந்தப் பாலத்தடியில் சந்திப்பதாகச் சின்னவனோடு பேச்சு. மற்றவர்கள் வைன் ருசி பார்க்க நிலவறைக்குள் போனார்கள். நாங்கள் பாலத்து முனையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். அக்கா சேலை உடுத்து, மேலே குளிரங்கி போட்டிருந்தார். மடியில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. உள்ளே பயற்றம் பணியாரம். சின்னவனைக் காணவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அக்கா இருந்தார். பெட்டியின் மீது இரண்டு கையையும் வைத்து, பாலத்தையே பார்த்துக்கொண்டு, அசையாமல் இருந்தார். பக்கத்தில் காற்று ஒரு கடதாசியை உருட்டிக்கொண்டு வந்து அவருடைய சப்பாத்தில் ஒட்டியது. குனிந்து எடுக்கவில்லை. அவரை அப்படி நான் கண்டதே இல்லை; எனக்குப் பயமாக இருந்தது. கோப்பி வாங்கி வரட்டோ என்றேன், வேண்டாம் என்றார். தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. அவனைப் பொலிஸ் மறித்திருக்கலாம், வேறு முகாமுக்கு மாற்றியிருக்கலாம் என்றெல்லாம் எனக்கு ஓடியது. அவருக்கும் ஓடியிருக்கும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, பாலம் இது ஒண்டுதானே?"

மேலே இன்னொரு பாலம் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கேயும் இல்லை. நாங்கள் நிற்க முடிந்த நேரத்தில் பாதி போய்விட்டது. மலைக்குப் பின்னாலிருந்து மேகம் கறுத்து ஏறத் தொடங்கியது.

எதிர்ச் சரிவில் ஒரு வயதான தம்பதி திராட்சை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, முதுகில் பெரிய கூடையைச் சுமந்தபடி ஓர் ஆள் கீழே நின்ற வண்டிவரை இறங்குவதும், கொட்டிவிட்டு ஏறுவதுமாக இருந்தான். நெடுநேரமாக நானும் அவனைப் பார்த்தேன். பார்த்ததில் ஒன்றும் படவில்லை. அக்கா எழுந்து நின்றார்.

"அந்த ஆளைப் பாருங்கோ. வெறுங்கூடையோட ஓடுறான்."

"ஓம். அதுக்கென்ன?"

"மலையில ஆரும் ஓடுவினமோ? அது எங்கட வீட்டில வளந்தது."

பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கனவே ஏசத் தொடங்கியிருந்தார். அவருக்கு முன்னால், மீசை வைத்த ஒரு திடகாத்திரமான இளைஞன், முதுகுக் கூடையோடு, பள்ளிப்பிள்ளைபோலத் தலையைக் குனிந்து நின்றான்.

"எவ்வளவு நேரமா நான் அங்க பாத்துக்கொண்டு இருக்கிறன்? நீ இஞ்ச ஆருக்குக் கூலிக்கு நிக்கிறாய்?"

"கூலி இல்லை அக்கா. கூலிக்குச் செய்யக் கூடாதெண்டுதானே சட்டம். இது சும்மா."

"சும்மாவோ?"

"காலமை வெள்ளணவே வந்திட்டன். பாலத்தடியில நிண்டன். இந்தக் கிழவன் கூடையோட இறங்கேக்க முழங்கால் நடுங்குது. பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியளோ?"

அக்கா அவனுடைய தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு அந்த இடத்தையே கையால் தடவினார். சேலைத் தலைப்பை இழுத்து அவனுடைய நெற்றி வியர்வையைத் துடைத்தார். அவன் முகம் கொடுத்து நின்றான். துடைத்து முடிந்ததும் அவர் வரிசைகளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு கிடக்கு?"

முகாமிலிருந்து இரவல் சைக்கிளில் வந்த சின்னவன், காலையில் கேட்காமல் கொள்ளாமல் கிழவரின் முதுகிலிருந்து கூடையைக் கழற்றியிருக்கிறான். கிழவர் திருடன் என்று நினைத்துக் கத்தினாராம். மழை வருவதற்குள் வெட்டாவிட்டால் பழம் அழுகிவிடும், ஆள் பிடிக்க முடியவில்லை என்பது அவனுக்குப் பிறகுதான் விளங்கியது. இப்போது மேலும் ஒரு பெண் வந்து கத்தரிக்கோலுக்குக் கை நீட்டியதும் கிழவி மறுபேச்சில்லாமல் கொடுத்தார். ஒரே ஒரு தகராறுதான் வந்தது. அழுகல் குலைகளைக் கிழவி வெட்டி நிலத்தில் எறிந்துகொண்டு போனார். அக்கா பின்னால் போய் அவற்றைப் பொறுக்கி, நல்ல பழத்தை நுள்ளி எடுத்து வாளிக்குள் போட்டார். கிழவி அதை எடுத்து எறிந்தார். அக்கா மீண்டும் பொறுக்கினார். "இவ்வளவு முந்திரிகைப் பழத்தையும் நிலத்தில எறிஞ்சால் வயிறெரியாதோ" என்று தமிழிலேயே கேட்டார். கடைசியில் கிழவி அவருக்கென்று ஒரு தனி வாளி கொடுத்துவிட்டார்.

சின்னவனும் கூடையை இறக்கிவைத்து, அக்காவின் வரிசைக்கு மறுபுறம் வெட்டத் தொடங்கினான். அடுத்த வரிசையிலிருந்து எனக்கு அவர்களின் பேச்சு துண்டுதுண்டாகக் கேட்டது. ஊரில் தகப்பனின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது, யார் யாரைக் கலியாணம் முடித்தது, யார் இப்போது இல்லை என்பது. நடுவில் கொடி மறைத்ததால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. இலைக்கிடையில் கை மட்டும் தெரிந்தது. இல்லாமல் போனவர்களின் பெயர் வந்தபோது கத்தரிக்கோல் சத்தம் கொஞ்சம் நின்றது, பிறகு தொடர்ந்தது. பிள்ளைகள் தங்களோடு டேனிஷில் கதைப்பதைப் பற்றி அக்கா சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பு கீழே ஆறுவரை கேட்டிருக்கும்.

பஸ் ஹோர்ன் அடித்தது. யாரும் அசையவில்லை. மறுபடி அடித்தது. கொஞ்ச நேரத்தில் சாரதி மூச்சு வாங்க ஏறி வந்தார். அவருக்குப் பின்னால், வைனால் முகம் சிவந்த விவசாயிகள் நாலைந்து பேர். நான் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்கள். பிறகு மிச்சமிருந்த வரிசைகளைப் பார்த்தார்கள். வாய்க்கால்காரர் தன் மேலங்கியைக் கழற்றி மதிலில் போட்டார்.

அது டென்மார்க்கில் பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால விடுமுறை வாரம். பழைய ஆட்கள் அதை உருளைக்கிழங்கு விடுமுறை என்பார்கள். ஒருகாலத்தில் பிள்ளைகள் கிழங்கு பொறுக்குவதற்கென்றே விட்ட லீவு. இவர்கள் எல்லோரும் அந்தப் பிள்ளைகள். கீழேயிருந்து மனைவிமாரும் ஏறி வந்தார்கள். கிழவி முதலில் கையை உதறித் தடுத்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு ஓடி, இருந்த கத்தரிக்கோல், சமையல் கத்தி எல்லாவற்றையும் ஒரு கூடையில் அள்ளிவந்தார். மலைச்சரிவு முழுவதும் டேனிஷ் கேட்டது. யார் வரிசை முன்னுக்கு என்று போட்டி. அக்கா நடுவில் நின்று, அழுகலை எறிகிறவர்களைத் தமிழில் கண்டித்தார். எல்லோருக்கும் விளங்கியது. கடைசிக் கூடையைச் சின்னவன் வண்டியில் கொட்டியபோது முதல் துளி விழுந்தது.

கிழவர் வீட்டு முற்றத்துக் கொட்டகையில் எல்லோருக்கும் அன்று பிழிந்த சாறு கிடைத்தது. அக்கா ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து, பணியாரத்தை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார். ஜேர்மன் கிழவர் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்றைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். சின்னவனுக்கென்று கொண்டுவந்ததில் சின்னவனுக்குக் கிடைத்தது இரண்டு.

நேரம் தவறிவிட்டது. சாரதி அவனுடைய சைக்கிளைத் தூக்கிப் பெட்டிகள் வைக்கும் அறைக்குள் போட்டார். அவன் எதுவரை வரலாம் என்று கேட்டார். கீழே, பெருந்தெருவில் ஏறுமுன், மாவட்டம் முடியும் இடத்தில் பெயர்ப்பலகை ஒன்று இருக்கிறது, அதுவரை என்றான். முன் இருக்கையில் இருந்த இரண்டு பேர் கேட்காமலே எழுந்து பின்னால் போனார்கள். அக்காவும் சின்னவனும் அங்கே இருந்தார்கள். மழை கண்ணாடியில் அடித்தது. பஸ் தேவைக்கு மேலே மெதுவாகப் போனதை எல்லோரும் கவனித்தோம், ஒருவரும் சொல்லவில்லை.

பலகை வந்தது. சாரதி அதற்கு முன்னால் நிறுத்தி, சைக்கிளை இறக்கிக் கொடுத்தார். அக்கா படியில் நின்று அவன் தலையைப் பிடித்து நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டார்.

"போய்ட்டு வாறன் எண்டு சொல்லாதை. அப்பிடிச் சொல்லித்தான் போனநீ."

"சரி, சொல்லேல்லை. நீங்கள்தான் போறியள். போய்ட்டு வாங்கோ."

பஸ் புறப்பட்டுப் பலகையைக் கடந்தது. அக்கா ஜன்னலோடு முகத்தை ஒட்டினார். அவன் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, பலகைக்கு நேரே வந்து நின்றான். மழையில் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பிறகு ஒரு காலை மட்டும் மெல்ல நீட்டி, எல்லைக்கு இந்தப் பக்கம் ஊன்றினான். ஊன்றியதும் சுட்டதுபோலப் பின்னால் இழுத்துக்கொண்டான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் மேசை தட்டுவதுபோல இருக்கையைத் தட்டி ஆரவாரித்தார்கள். சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தை இன்னும் குறைத்தார்.

"பாத்தியளே தம்பி, கள்ளன், சின்னனிலயிருந்து உப்பிடித்தான்" என்று சொல்லி அக்கா சிரித்தார். கண்ணீர் வழிய, கொண்டை குலைந்ததையும் கவனிக்காமல் சிரித்தார்.

பஸ் வளைவில் திரும்பும்வரை அவன் அந்தக் காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றான்.